வேறு வழியில்லாத சம்மதம்

திருப்பூரில் ஒரு பனியன் கப்பல் ஏறுவதற்குள் பல கை மாறுகிறது. நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் நடக்கும். பத்துப் பதினைந்து தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் நடத்துபவர் சனிக்கிழமை மாலை தையல்காரர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். அவருக்கு வரவேண்டிய பணமோ இரண்டு மூன்று மாதம் இழுக்கிறது. அதிலும் கறை, பீஸ் குறைவு, தாமதம் என்று வேலை கொடுத்தவர்கள் டெபிட் நோட் போட்டுக் கழித்துக்கொள்வார்கள். கேட்டால், "ஒத்துக்கிட்டுத்தானே வேலை எடுத்தீங்க?" என்பார்கள்.

ஒத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் மாட்டேன் என்றால் அடுத்த வாரம் மெஷின் சும்மா நிற்கும் என்று பயந்து சொன்ன "சரி" அது. அதைக் காட்டி ஒருவர் தன் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது.

பெயர் கெட்டுவிடும் என்ற பயமே வியாபாரத்தில் எல்லோரையும் நாணயமாக வைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சமபலம் உள்ளவர்களுக்குள் அது சரியாக இருக்கலாம். இங்கே சிறியவர் டெலிவரியில் இரண்டு நாள் பிந்தினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பெரிய கம்பெனி பில்லை இழுத்தடிப்பதோ ஜாப் ஒர்க்காரர்களின் பேச்சோடு நின்றுவிடுகிறது. வெளியே சொன்னவருக்கு அடுத்த ஆர்டர் வராது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அதைக் கேட்டு மனுப் போடுபவர் பணம் தரவேண்டிய பார்ட்டியையே இழக்கத் துணிய வேண்டும். 2023இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த பிரிவு இதைவிட மேல். கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். சிறியவர் வாய் திறக்காமலே பெரியவருக்கு நெருக்கடி வருகிறது.

ஏற்றுமதியாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது வெளிநாட்டு பையர்கள் தயாரான சரக்கைக்கூட வேண்டாம் என்றார்கள். எதிர்த்துப் பேச ஏற்றுமதியாளர்களுக்கும் பலம் இருக்கவில்லை. ஆனாலும் ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற கடன் வாங்க ஏற்றுமதியாளருக்கு வழி உண்டு. பவர் டேபிள்காரர் வீட்டு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். மேலிருந்து வந்த சுமையை அப்படியே கீழே தள்ளுவது தவறு. உண்மையிலேயே பணம் மாட்டிக்கொண்டவர் முன்கூட்டியே சொல்லி, பாதியாவது கொடுக்கலாம். போனையே எடுக்காமல் இருப்பதற்கு எந்த நெருக்கடியும் காரணமாகாது.

கெடு முடிந்த ஜாப் ஒர்க் பில் மேசையில் இருந்தால், ஜாப் ஒர்க்காரர் கேட்டு வரும்வரை காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள்.