நடுகல்லும் நாவுரிமையும்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழ்க்கடலுக்கும் இடையே ஒடுங்கி நீளும் எழுவான்கரையில், குருக்கள்மடத்தை அடுத்துள்ளது செட்டிபாளையம். கிழக்கிலங்கையிற் கண்ணகி வழிபாடு வேரூன்றிய ஊர்களுள் அதுவும் ஒன்று. வைகாசித் திங்களிற் கோயிற் கதவு திறக்கப்பட்டுக் கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். குளிர்த்திச் சடங்கோடு விழா நிறைவுறும். ஆண்டுதோறும் ஊரார் பத்தியோடு செவிமடுக்கும் அவ்வழக்குரையின் உயிர்நிலை யாது? அரசவையில் தனித்து நின்ற ஒரு பெண், முடியும் கோலும் உடைய ஒருவனை நோக்கி, அவன் அளித்த தீர்ப்புப் பிழையெனக் கூறியமையேயாகும். அவள் கூற்று அரசநிந்தனை எனத் தள்ளப்படவில்லை. உண்மை என ஏற்கப்பட்டது.

அக்கண்ணகிக்கே சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான் என்கிறது சிலப்பதிகாரம். போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என வகுத்துரைக்கும். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குப் பெரும்பாலும் அப்பெயர்களையே சூட்டினார். வீரனுக்குரிய கல் வழக்காடிய பெண்ணுக்கு நடப்பட்டது. இதனினும் நுட்பமானது நடுகற்காதையில் வரும் ஒரு செய்தி. தோற்றோடித் தவவேடம் பூண்ட வடவரசரைப் பற்றி வந்தது வீரமாகாது எனச் சோழனும் பாண்டியனும் இகழ்ந்தமையை ஏவலர் வந்து கூற, செங்குட்டுவன் கண் சிவக்கின்றான். அவ்வேளை மாடலன் என்னும் மறையவன் குறுக்கிட்டு, மறக்களத்திற் காலங் கழித்த மன்னன் இனி அறத்தின்பால் மனஞ் செலுத்தல் வேண்டும் என அறிவுறுத்துகின்றான். சினம் தணிந்த மன்னன் சிறைப்பட்டோரை விடுவிக்கின்றான். வென்று மீண்ட படையின் புகழ் பாடும் இடத்திலேயே, அவ்வெற்றியின் தகுதியை வினவும் குரலுக்கும் காப்பியம் இடமளித்திருக்கிறது. புறநானூற்றுப் புலவரும் இதற்கு விலக்கல்லர். மலையமான் மக்களை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனைத் தடுத்தவர் கோவூர்கிழார். சோழர் போர்த்திறத்தைப் பாடியவரும் அவரே. ஒன்று செய்தமையால் மற்றையதற்கு உரிமை இழந்தார் என எவரும் கருதியதில்லை.

பிற்காலத்தில் இவ்விரண்டும், அதாவது வீரரைப் போற்றலும் வினவும் உரிமையும், பகைப்பொருள்களாகக் கொள்ளப்பட்டன. நாட்டின் பொருட்டு உயிரிழந்தோரும் உறுப்பிழந்தோரும் இருக்க, அவர்கள் பொருத போரைக் குறைகூறல் அவர்களை அவமதித்தலாகும் என்பர் ஒருசாரார். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னே அவன் இறப்பு வீணென்று சொல்பவன், மெய்யே சொன்னாலும் பண்பிலான். ஆயினும் பண்பு தடுப்பதும் சட்டம் தடுப்பதும் ஒன்றல்ல. இழவு வீட்டில் அடக்கிய சொல்லை ஊர்மன்றிலும் நூலிலும் நீதிமன்றிலும் அடக்குமாறு கோரும்போது, கோரிக்கை தாயின் துயரிலிருந்து எழுகிறதா, அத்துயரின் பின்னே ஒளிந்துகொள்ளும் வேறொருவரிடமிருந்து எழுகிறதா என்று ஆராய வேண்டியதாகின்றது.

இலங்கைக்கு இவ்வினா புதியதன்று. முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்ததன் நினைவாக அந்நாளிற் பொப்பி மலர் விற்கும் வழக்கம் பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது. இலங்கையிலும் பொப்பி விற்கப்பட்டது. திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரரின் நலனுக்கே சென்றது. அதே போரிற் பங்குகொண்டு மீண்ட இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். இதனை எதிர்த்தெழுந்தவர் படைத்தொழிலை வெறுத்த துறவியல்லர். முன்னாட் படைவீரர்களுள் ஒருவரான ஏலியன் பெரேரா. 1931இல் அவர் பொப்பிக்கு மாற்றாகச் சூரியமல் விற்பனையைத் தொடங்கினார். சிங்களத்திற் சூரியமல் எனப்படுவது தமிழரின் பூவரசம்பூ; வாவிக்கரை ஊர்களில் வேலிதோறும் பூப்பது. 1933இல் டொறீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி, இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பொப்பி வாங்கச் செய்வதன் பொருந்தாமையைச் சிலோன் டெயிலி நியூஸ் இதழில் எழுதினார். தென்கொழும்பு இளைஞர் கழகத்தார் இயக்கத்தைத் தமதாக்கினர். நலிந்த வீரருக்கு உதவுதல் என்ற நோக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பாக விரிந்தது. 1934-35 ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியபோது இவ்வியக்கத்தினரே ஊரூராகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். 1935 டிசம்பரில் இவர்களுட் பலர் கூடி லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். பிரித்தானியாவிலேயே, போரில்லா உலகை வேண்டிய கூட்டுறவு மகளிர் சங்கத்தார் வெண்பொப்பியை விற்கத் தொடங்கியதும் அதே 1933 என்பது மனங்கொளத்தக்கது.

பேரரசுப் பற்றாளர் கண்ணுக்குச் சூரியமல் நன்றிகெட்ட செயலாகவே தோன்றியிருக்கும். மாண்ட வீரரின் நினைவுநாளிற் போட்டி மலர் விற்பதைவிட அவமதிப்பு வேறென்ன என்று கேட்டிருப்பர். ஆனால் அன்று யாவரும் வாய் மூடியிருந்தால், போரில் நலிந்து வந்த இலங்கை வீரனின் நிலை பேசப்படாமலே போயிருக்கும். வாய் திறந்தவனும் அவ்வினத்தவனே. வீரரை மதித்தல் என்ற பெயரில் வினவைத் தடுப்போர் முதலிற் கைவிடுவது வீரரையே என்பதற்கு இது சான்று. நெடுங்காலத்தின் பின்னரும் இதே கதை நிகழ்ந்தது. 1999இல் ரணவிரு சேவை அதிகாரசபை சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. 2009இன் பின் ‘ரணவிரு’ என்னும் சொல் மேடைதோறும் முழங்கியது. எனினும் பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறையுமுன் காயமுற்று விலகிய படையினர், தமக்கும் ஓய்வூதியம் வேண்டுமென 2017இற் கொழும்புத் தெருவில் நின்று போராட நேர்ந்தது. காலிழந்தவன் தன் உரிமை கேட்கத் தெருவுக்கு வருகையில் அவனுக்கு உதவியது பட்டமன்று. கூடிப் பேசும் உரிமையே.

போற்றுதற்குரியது எது என்பதிலே குழப்பம் தொடங்குகிறது. ஒருவன் பட்ட இன்னலும் அவன் காட்டிய துணிவும் அவனுக்கே உரியவை. அவன் எந்நோக்கத்துக்காக அனுப்பப்பட்டான் என்பதும், அனுப்பியவர் யார் என்பதும், அனுப்பியவர் ஏவலால் யாது செய்யப்பட்டது என்பதும் வேறு வினாக்கள். முன்னதற்குரிய வணக்கத்தைப் பின்னவற்றுக்கு மாற்றிக்கொள்வது ஒருவகைக் களவு. 1991 ஜூன் 12இல், வாவியின் மறுகரையாகிய படுவான்கரையிற் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், கண்ணிவெடியொன்றிற் படையினர் இறந்ததையடுத்து மகிழடித்தீவிலும் அயலிலும் ஊர்மக்கள் கொல்லப்பட்டனர். ஜனாதிபதி ஆணைக்குழு 67 இறப்புகளைக் கணக்கிட்டது. மோதலிற் சிக்கி இறந்தனர் என்ற விளக்கத்தை ஏற்க மறுத்துப் படையினரே கொன்றனர் எனக் கண்டது. பின்னர் நடந்த படைத்துறை விசாரணையிற் சிப்பாய்கள் பத்தொன்பது பேரும் விடுவிக்கப்பட்டனர். அணியை அடக்கத் தவறியமைக்காக அதிகாரி ஒருவர் பதவி நீக்கப்பட்டார். கண்ணிவெடியில் இறந்தவனுக்கு வீடும் தாயும் இருந்திருக்கும். அவள் கண்ணீருக்கு வணக்கம் செலுத்துவோர் மகிழடித்தீவுத் தாயை மறக்கக் கடமைப்பட்டவரல்லர். ஆணைக்குழுவின் கண்டறிவைச் சொல்வது படைநிந்தனையுமன்று.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சு உரிமையை அளிக்கிறது. 15ஆம் உறுப்புரை இன ஒற்றுமை, தேசிய பாதுகாப்பு முதலியவற்றின் பெயரால் அதற்கு வரம்பு கட்டுகிறது. தற்காலிக ஏற்பாடாக 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. கிழக்கு 2007இல் அரச படையின் வசமான பின்னர் தாண்டியடி, தரவை, மாவடிமுன்மாரி போன்ற இடங்களிலிருந்த துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. 2021 மே மாதத்திற் கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு விளக்கேற்றியோருட் பத்துப் பேர் அச்சட்டத்தின் கீழ்க் கைதாகி மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டனர். விளக்கு மீண்டும் ஆயுதத்தை மூட்டிவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆயின் 1971இலும் 1987-89இலும் அரசுக்கெதிராக ஆயுதமேந்திய மக்கள் விடுதலை முன்னணியினர் தம்முள் மாண்டோரை ஆண்டுதோறும் நவம்பரில் வெளிப்படையாக நினைவுகூர்ந்து வந்துள்ளனர்; அதனால் மூன்றாவது கிளர்ச்சி எதுவும் மூளவில்லை. நினைவுகூர்ந்தவர்கள் தேர்தல் வழியே 2024இல் ஆட்சிக்கே வந்தனர். தென்னிலங்கைத் தாய்க்குப் பொருந்திய அளவுகோல் கீழ்க்கரைத் தாய்க்குப் பொருந்தாமைக்கு நேர்மையான காரணம் காட்டுதல் அரிது.

இவ்வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வது தமிழ் வாசகனுக்கு இனிக்கும். ஆனால் நாவுரிமை ஒருகரையில் மட்டும் வீசும் காற்றன்று. 1990 ஜூலையிற் காத்தான்குடி நோக்கிப் பயணித்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களின் எச்சங்களைத் தோண்டியெடுக்கும் விடயம் 2014இலேயே களுவாஞ்சிக்குடி நீதிமன்றின் முன் வந்தது. துயிலும் இல்லத்தில் விளக்கேற்றும் உரிமை கேட்பவர், அவ்விளக்கின் ஒளியிற் குருக்கள்மடத்தைப் பற்றிக் கேட்கப்படும்போது முகம் சுளித்தால், தாம் கேட்பது உரிமையன்று, சலுகையே என ஒப்புக்கொள்கின்றனர். ‘முறிந்த பனை’ நூலாசிரியருள் ஒருவரான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21இற் சுட்டுக்கொல்லப்பட்டார்; அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒரே கோலால் அளந்தமையே அவர் பிழை. மட்டக்களப்பு ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் அந்நகரிலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தராகி சிவராம் கொழும்பிற் கடத்திக் கொல்லப்பட்டார். இம்மூவரின் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்பட்டவை. முடிவு மட்டும் ஒன்று.

‘மாவீரர்’ என்ற சொல்லும் ‘ரணவிரு’ என்ற சொல்லைப் போலவே சிலவற்றை மூடுகிறது. மட்டக்களப்பு மாவட்டத்திற் சிறுவர் கட்டாயமாகப் படையிற் சேர்க்கப்பட்டமையை யுனிசெப் நிறுவனம் ஆண்டுக்கணக்கிற் பதிவுசெய்தது. பள்ளி செல்லும் வழியிற் பிடிக்கப்பட்ட பிள்ளையைத் தன் விருப்பால் உயிர்க்கொடை ஈந்தவர் வரிசையில் வைத்துப் பாடுவது அப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதையாகுமா? அவனைப் பிடித்தவர் யார் என்று கேட்பதே அவனுக்குரிய மரியாதை என வாதிடுதலும் கூடும்; இவ்வாதமே வலிது. வறுமையாற் படையிற் சேர்ந்த தென்னிலங்கைக் கிராமத்து இளைஞனுக்கும் இது ஒருவாறு பொருந்தும்.

வாய் திறவாமையும் சிலவேளை உரிமையின் பாற்பட்டது. கேரளத்தில் 1985இல் தேசியகீதம் இசைக்கையில் மரியாதையோடு எழுந்து நின்றும் சமயக் கொள்கையாற் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். 1986இல் இந்திய உச்ச நீதிமன்று அவர்களை மீளச் சேர்க்கப் பணித்தது. இலங்கையிலோ சிக்கல் மறுதலையானது. பாட விரும்பியோர்க்கு மொழி மறுக்கப்பட்டது. 2016 சுதந்திர தின அரச விழாவில் தமிழில் ஒலித்த கீதம் 2020இற் கைவிடப்பட்டது. நாட்டை நேசிப்பதாகத் தன் தாய்மொழியிற் பாடுபவனைத் தடுத்துவிட்டு, அவனிடம் நாட்டுப்பற்று இல்லை என்று முறையிடுவதை என்னென்பது!

2004 ஏப்ரலில் வெருகலாற்றங்கரையில் வன்னியிலிருந்து வந்த புலிகளும் கிழக்கிற் பிரிந்த புலிகளும் பொருதனர். அங்கு வீழ்ந்த கிழக்குப் பிள்ளைகள் நேற்றுவரை ஒரே சீருடை அணிந்தவர்கள். அவர்களைப் பிரிந்து வந்த கட்சி ஏப்ரல் 10இல் நினைவுகூர்கிறது. நவம்பர் 27இல் விளக்கேற்றுவோர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அரசின் நினைவுத்தூண்களிலும் இல்லை. அவர்களின் கல்லுக்கு என்ன பெயர் எழுதுவது என்பதை வாவிக்கரை ஊர்களில் இன்றும் உரக்கப் பேசுவார் சிலரே.