எது வேண்டாம் என்று கேளுங்கள்

எங்களுக்குக் கல்யாணம் ஆனது ஒரு வைகாசியில். ஐந்தாம் நாள் இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலில் உட்கார்ந்தபோதே எனக்கு அடிவயிற்றில் வலி தொடங்கிவிட்டது. ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வழியில் 16 குகைகள். ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் பெட்டியே கூவியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தேன்.

முகூர்த்த நாளில் தூரம் வந்துவிடக் கூடாதென்று பெரியம்மா மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார். தள்ளிப்போடுகிற மாத்திரை. அதை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். மணமேடைக்கு நாள் கணக்குப் பார்த்தவர்கள் ரயில் டிக்கெட்டுக்குப் பார்க்கவில்லை. ஐந்தே நாள் பழகிய ஒருவரிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. சொல்லவில்லை.

மறுநாள் முதுமலைக்கு வேன். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், முகம் வாடியிருந்தது. அடுத்த நாள் தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றும் மூடுபனியைத் தவிர வேறொன்றையும் நாங்கள் பார்க்கவில்லை. ஊர் திரும்பும்வரை சாப்பாட்டையும் வண்டி நேரத்தையும் பற்றித்தான் பேசிக்கொண்டோம்.

இந்தப் பெண்ணை வற்புறுத்திக் கட்டிவைத்துவிட்டார்களோ என்று அந்த மூன்று நாளும் அவர் உள்ளுக்குள் தவித்திருக்கிறார். இதை என்னிடம் சொன்னது எங்கள் மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம். மலைப் பாதை தனக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதை அன்றுதான் சொன்னார். புதுப்பெண்ணென்றால் ஊட்டி பிடிக்கும் என்று நண்பர்கள் சொல்ல, டிக்கெட் எடுத்தாராம். அவருக்காக நானும், எனக்காக அவரும் மலை ஏறியிருக்கிறோம்.

வரும் தையில் அந்த மகளுக்குக் கல்யாணம். இரண்டு இரவு, மூன்று பகல், ஒன்பது இடம் என்று உறவுக்காரர்கள் பேக்கேஜ் விளம்பரங்களாக அனுப்புகிறார்கள். கல்யாண வாரத்தில் மணப்பெண் சரியாகத் தூங்குவதே கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டவளை அந்த வாரமே வேனில் ஏற்றி ஒன்பது இடம் காட்டுவது கொடுமை. மறுவீடு, விருந்தெல்லாம் முடிந்து, தூக்கம் தீர்ந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துப் போகட்டும். ஒரே ஊர் போதும்.

ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்க்கும் நாம் முகூர்த்த மாதத்துக்கும் மலைக்கும் பொருத்தம் பார்ப்பதில்லை. வைகாசியில் கல்யாணமென்றால் மலையில் ஒன்று சீசன் கூட்டம், இல்லையென்றால் தென்மேற்குப் பருவமழை. ஜூனில் மூணாறு, வால்பாறைப் பக்கம் மழைதான். ஐப்பசியில் என்றால் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து மலை ரயிலை நிறுத்துவது அந்த மாதங்களில் அடிக்கடி நடப்பது. தையும் மாசியும் நல்ல மாதங்கள். வானம் தெளிந்திருக்கும், தையில் ஊட்டியில் உறைபனி விழும், கம்பளி வேண்டும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ காரில் போவதானால் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரித்துத் தெரியாதது பக்கத்தில் உட்காரப் போகிறவரின் மனசு. "எங்கே போகலாம்?" என்று கேட்டால் இருவருமே மற்றவருக்குப் பிடிக்குமென்று தாங்கள் நினைக்கிற ஊரைத்தான் சொல்வார்கள். "எது வேண்டாம்?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். வளைவுப் பாதை வேண்டாம். காலை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டாம். கடன் வாங்கி விமானம் ஏற வேண்டாம். போகிற வழியில் சித்தப்பா வீட்டு விருந்து வேண்டாம். நாளுக்கு நாற்பது படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டாம். இப்போதெல்லாம் நிச்சயதார்த்தம் முடிந்த அன்றிரவிலிருந்து மணிக்கணக்காகப் போனில் பேசுகிறார்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. ஆசையைச் சொல்வதைவிட வேண்டாததைச் சொல்ல அதிகத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

மகளிடம் நான் முதலில் பேசியது மாத்திரையைப் பற்றி. கடையில் கேட்டு வாங்காதே, டாக்டரைப் பார், பயணத் தேதியையும் சேர்த்துச் சொல் என்றேன். அதை அவள் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள். பயணத்தை மாசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றவர் அவர்தான்.

மகனைப் பெற்றவர்களே, உங்கள் பிள்ளையிடமும் இதைப் பேசிவிடுங்கள். அன்று மலை ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் யாரும் பேசியிருக்கவில்லை.