குளவி கொட்டிய கரப்பான்



மதரஸாவில் ஓதிய காலத்தில், உஸ்தாது பிரம்பை எடுக்கும்போதெல்லாம், குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார். முன்னோர் சொல்லி வந்த பேச்சுத்தான். உள்ளபடி நடப்பது வேறு. புழு குளவியாவதில்லை, குளவியின் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது.

அற்பமான கொசுவையும் உவமையாக்கத் திருமறை தயங்கவில்லை என்பதை அல்பகரா சூராவை ஓதுகிறவர்கள் அறிவார்கள். ஆகவே கடைக்காரனாகிய நான் கரப்பானைப் பற்றிப் பேசுவதைக் குறையாக எண்ணவேண்டாம்.

பச்சை மணிபோல் மின்னும் குளவி ஒன்று இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் உண்டு. நம் அரிசி மூட்டைக்கடியில் ஓடும் கரப்பான் அதைவிடப் பெரியது. குளவி முதலில் நெஞ்சிலே கொட்டும். கரப்பானின் முன்னங்கால்கள் சில நிமிடம் சோர்ந்துவிடும். அந்த அவகாசத்தில் தலையிலே இரண்டாவது கொட்டு. விஷம் மூளைக்குள்ளேயே இறங்குகிறது என்பதை 2003ல் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். பிறகு அரைமணி நேரம் கரப்பான் தன் உடம்பைத் தானே துடைத்துக்கொண்டு நிற்கும். அதன் பின்னர்தான் விந்தை. ஆறு காலும் நல்ல கால், நடக்கலாம். நடக்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் எழுவதில்லை. குளவி அதன் மீசையைப் பாதி கடித்தெறிந்து, மீதியைப் பிடித்து, கயிறு கட்டிய ஆட்டைப்போலப் பொந்துக்கு நடத்திப்போகிறது. காலிலே ஒரு முட்டை இட்டு, வாசலைக் கல்லால் அடைக்கிறது. மூன்று நாளில் புழு பொரிந்து, உயிரோடிருக்கும் கரப்பானையே தின்னத் தொடங்குகிறது.

நிற்க. பள்ளியில் படிக்கும் என் மகன் இதை எனக்குச் சொன்ன இரவு தூக்கம் வரவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் நம்மில் சிலர் கடனுக்குச் சாமான் கொடுத்து, ஈடாக வங்கி அட்டையை வாங்கி வைக்கிறோம். நானும் வைத்திருந்தேன். பழக்குலை வெட்டும் ஒரு பெரியவருடையது. முதலில் மகள் படிப்புக்காகச் சிறு கடன். அது நெஞ்சிலே கொட்டியது. பிறகு அட்டையும் ரகசிய எண்ணும், அது தலையிலே. சம்பள நாளில் நானே பணத்தை எடுத்து, என் கணக்கைக் கழித்து, மீதியைக் கொடுப்பேன். டவுனிலே அரிசி மலிவு என்று அவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளும் இருந்தது. போகமாட்டார். அதை விசுவாசம் என்று எண்ணி நான் மகிழ்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் கடன் புத்தகத்தைத் திறப்பேன். கள்ள நிறுவை இல்லை, வட்டி இல்லை. விலையில் மட்டும் சற்றுக் கூட்டுவேன்.

குளவிக்குக் கேள்வி கணக்கு இல்லை. அதன் படைப்பு அவ்விதம். கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி அதே அல்பகரா சூரா நமக்குச் சொல்கிறது. தவணை கேட்கும் நாவையே நான் ஈடாக வாங்கி வைத்திருந்தேனே!

மகன் இன்னொன்றும் சொன்னான். கொட்டுப்பட்ட கரப்பானைப் புழு தின்னாமல் விட்டால், ஒரு வாரத்தில் அதற்குச் சுய எண்ணம் திரும்பிவிடுமாம்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சம்பள நாளில் பெரியவர் வந்து அதையே நீட்டினார். "பாய், நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார். மறுத்து அனுப்பினேன். மூன்றாம் மாதம், டவுனில் வாங்கிய அரிசி மூட்டையை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு என் கடை வாசலிலே நிறுத்தினார். அந்த மாதப் பாக்கியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.