கைக்கு அளவெடுத்த துப்பாக்கி

வேட்டைக்கான சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தன் கையைத்தான் அளக்கிறார். பிடியின் பருமன், குழலின் நீளம், விசையின் இறுக்கம் எல்லாம் அந்தக் கைக்கேற்ப அமையும். இதில் விசையை அழுத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்பாகக் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். வேட்டைக்குப் போகிறவருக்கு அந்த அவகாசம் உண்டு. இடமும் நேரமும் அவர் தேர்ந்தவை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைத் தடைசெய்தது. ஆனால் கைக்கேற்ற துப்பாக்கி என்ற பேச்சு 2014 ஜனவரியில் வேறு வடிவில் வந்தது. இம்முறை அந்தக் கை பெண்ணுடையது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, கான்பூரில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. அச்சமற்றவர் என்று பொருள். எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வந்தது.

அவர்கள் அளந்தது பெண்ணின் கையை. அவள் வாழ்க்கையை அல்ல. அன்று தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 148 ரூபாய். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குடும்பம் ஒன்று நூறு நாளும் வேலை பெற்று, ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பணம் இருந்தாலும், உரிமம் கேட்டு, உயிருக்கு ஆபத்து என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். எல்லாம் கைகூடினாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: யாரை நோக்கி நீட்டுவது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அவளுக்குத் தெரிந்தவர். மாமாவாக, பக்கத்து வீட்டுக்காரராக, வேலை கொடுப்பவராக இருப்பவர். அந்த வீட்டில் பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது?

அப்படியானால் பெண்ணுக்கு ஆயுதம் ஆகாதா? அகிம்சையைப் பெண்ணுக்கு மட்டும் போதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாமல்லபுரத்தின் மகிஷாசுரமர்த்தினி குகையில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி கொற்றவையைச் சிங்கத்தின்மேல் வில்லோடு அமர்த்தினான். மாணவிகளை அழைத்துப் போனபோது ஒருத்தி சொன்னாள்: “மேடம், வில்லைச் சின்னதாக்கவே இல்லை பாருங்க.” உண்மைதான். அவளுக்குப் பின்னால் படையும் இருக்கிறது, எருமைத்தலையன்தான் பின்வாங்குகிறான். அவள் தனியாள் இல்லை.

‘நிர்பீக்’ வாங்கும் பெண்ணோ தனியாள். தெருவிளக்கு, இரவுப் பேருந்து, புகாரை மறுக்காமல் பதியும் காவல் நிலையம், கேள்வி கேட்கும் ஊர் ஆகியவற்றின் வேலை முழுவதும் அவள் கைப்பையில் 500 கிராமாக ஏறுகிறது. தப்பிக்கவில்லையென்றால், “துப்பாக்கி வைத்திருந்தாளே, ஏன் சுடவில்லை?” என்று அவளையே கேட்பார்கள்.

ஆயுதம் ஏந்துவதும் மறுப்பதும் அவள் முடிவாக இருக்கட்டும். ஆனால் முடிவெடுக்க அவகாசம் வேண்டும். ஒரு சுத்தியலை இழுக்கும் நேரமாவது அச்சமில்லாமல் யோசிக்க முடிகிறவளுக்கே தேர்வு என்பது பொருந்தும். அந்த நேரத்தை அவளுக்குத் தருவது துப்பாக்கித் தொழிற்சாலையின் வேலையல்ல. நம் எல்லோருடைய வேலை.