கல்லில் வெட்டிய பெயர்

திருவாய்மொழியின் முதல் திருவாய்மொழிக்குப் பூர்வாசார்யர்கள் அருளிய வியாக்கியானங்களைச் சேவிப்பவர்கள், ஆறாம் பாசுரத்துக்கு வந்ததும் சற்றே தயங்கி நிற்பதுண்டு. நாலாம் பாசுரத்தில் எல்லாப் பொருள்களின் ஸ்வரூபமும், ஐந்தாம் பாசுரத்தில் அவற்றின் ஸ்திதியும் எம்பெருமான் இட்ட வழக்கு என்று காட்டிய ஆழ்வார், ஆறாம் பாசுரத்தில் ப்ரவ்ருத்தி நிவ்ருத்திகளும், அதாவது ஒன்றைச் செய்வதும் செய்யாதொழிவதும், அவன் அதீனமே என்கிறார். முன்னிரண்டையும் இசைவதில் நமக்கு வருத்தமில்லை. செயலும் அவன் அதீனம் என்றால், செய்தவன் என்று யாரைச் சொல்வது? புகழ் யாருக்கு, பழி யாருக்கு?

சிலர் இதற்கு எளிதாக விடை சொல்லிவிடுவார்கள். “எல்லாம் பெருமாள் செயல், நம் கையில் என்ன இருக்கிறது?” என்பார்கள். பக்தியின் மொழிபோல் ஒலிக்கும் இந்த வார்த்தை, பல வேளைகளில் கடமையிலிருந்து நழுவுவதற்கான வழியாகவும் ஆகிவிடுகிறது. பாஷ்யகாரர் இந்த வழியை முன்பே அடைத்துவிட்டார்.

பிரம்மசூத்திரம் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவன் கர்த்தா என்பதே முதலில் நிலைநாட்டப்படுகிறது. ஜீவன் கர்த்தா அல்லன் என்றால் ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்னும் சாஸ்திரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? செய்ய வல்லவனுக்குத்தான் விதியும் விலக்கும் பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் காண்ட், கடமை என்று ஒன்று இருப்பதிலிருந்தே மனிதனின் சுதந்திரத்தை உணரலாம் என்று வாதித்தார். இரண்டும் வேறு வேறு தரிசனங்கள். ஆயினும் இந்த ஓர் இடத்தில் நடை ஒன்றாக இருப்பது வியப்புக்குரியது.

அதன்பின் நாற்பதாம் சூத்திரத்தில் இந்தக் கர்த்ருத்வம் பரமாத்மாவிடமிருந்து வருவது என்றும், நாற்பத்தொன்றில் அவன் ஜீவனுடைய முயற்சியை எதிர்பார்த்தே செயல்படுத்துகிறான் என்றும் சொல்லப்படுகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு எம்பெருமானார் காட்டும் த்ருஷ்டாந்தம் இருவருக்குப் பொதுவான ஒரு சொத்து. திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு முற்பகல் நின்றால் அந்த த்ருஷ்டாந்தம் கண்முன் நடக்கக் காணலாம். அண்ணன் தம்பி இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக உள்ள நிலம் முழுவதையும் ஒரு கோயிலுக்கு எழுதிவைக்க அண்ணன் விரும்புகிறான். தம்பியின் கையொப்பம் இல்லாமல் தானப் பத்திரம் பதிவாகாது. ஆனால் கொடுக்க வேண்டும் என்று எண்ணியவனும், அலைந்து திரிந்து தம்பியின் இசைவைப் பெற்றவனும் அண்ணனே. ஆகவே தானத்தின் பலன் அவனைச் சேரும். இசைவு மற்றொருவருடையது என்பதனால் செயல் அவனுடையது அல்லாமற் போகவில்லை.

த்ருஷ்டாந்தத்தை அளவோடு கொள்ள வேண்டும். நிலத்தில் தம்பிக்குப் பாதி. எம்பெருமானுக்கோ நிலமும் அவனுடையது, எழுதும் கையும் அவனுடையது, எண்ணிய நெஞ்சும் அவனுக்குச் சரீரம். அப்படியிருந்தும் முதல் முயற்சியை அவன் ஜீவனுக்கு விட்டுவைத்திருக்கிறான் என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டிய பொருள்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே சென்றால் செஞ்சி. அதற்கு வடக்கே சில கிலோமீட்டரில், குன்றின்மேல் பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதன் பள்ளிகொண்ட சிங்கவரம். 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறிய பிள்ளை லோகாசார்யர், மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாளோ ஊர் ஊராகச் சென்று கடைசியில் திருமலையை அடைந்தார். விஜயநகர ஆட்சியின் கீழ்ச் செஞ்சியிலிருந்த கோபணார்யர் அவரை அங்கிருந்து சிங்கவரத்துக்கு எழுந்தருளப்பண்ணி ஆராதித்து, பகைவரை வென்றபின் 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்வித்தார்.

இந்த வரலாற்றை நாம் அடிக்கடி சொல்கிறோம், கேட்கிறோம். ஆனால் அதில் ஒரு தர்ம விசாரம் அடங்கியிருப்பதைக் கவனிப்பதில்லை. ரக்ஷகன் அவன், ரக்ஷிக்கப்படுபவர் நாம் என்பது சித்தாந்தம். அப்படியிருக்க ரக்ஷகனைத் தோளில் சுமந்து காட்டுவழியே ஒளித்துக் காப்பது சரணாகதிக்கு முரண் அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். பிள்ளை லோகாசார்யர் அப்படிக் கருதியதாகத் தெரியவில்லை. எம்பெருமானே உபாயம் என்று ரஹஸ்யங்களில் விரித்துரைத்த அவர்தாம், முதிர்ந்த பருவத்தில் பல்லக்கோடு நடந்தவர். மோக்ஷத்துக்கு நம் முயற்சியை உபாயமாகக் கொள்ளக் கூடாது என்பது ஒன்று. அவன் திருமேனிக்கு ஆபத்து வரும்போது கைகட்டி நிற்பது வேறொன்று.

சுவாமி தேசிகன் அபீதிஸ்தவத்தில் திருவரங்கத்தின் அச்சம் நீங்க அரங்கனையே பிரார்த்தித்தார். பிரார்த்தனை பலித்தபோது, பலன் தந்தவன் அரங்கன் என்பதில் அவருக்கு ஐயம் இருந்திருக்காது. இருந்தும் சக ஆண்டு 1293 காட்டும் திருவரங்கக் கல்வெட்டிலுள்ள இரண்டு சுலோகங்கள் கோபணார்யரைப் பெயர் சொல்லியே கொண்டாடுகின்றன. அவை சுவாமி தேசிகன் அருளியவை என்று சம்பிரதாயம் கொள்கிறது. ‘எல்லாம் அவன் செயல்’ என்று எழுதி, ஒரு மனிதனின் பெயரை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை.

இனித் திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் திரும்புவோம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேற்கே சொன்ன சித்தாந்தம் கிழக்கேயும் நிற்க வேண்டும். அந்தச் சாராயத்தை விற்றவன் கைக்கும் அந்தர்யாமி இசைந்தானா? இசைந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வேறுவிதமாகச் சொன்னால் ஆறாம் பாசுரத்தின் அர்த்தம் குலையும். ஆனால் அந்த இசைவு, தீயதைத் தொடும்போதெல்லாம் கையைப் பிடித்துத் தடுத்தால் நல்லதைத் தொடுவதும் நம்முடையதாகாது என்பதனால் அவன் கொடுத்துவைத்த பொது இசைவு. சாஸ்திரத்தை முன்னமே காட்டிவிட்டான். விஷம் என்று அறிந்தும் விற்றவனின் பழி, அனுமதி தந்தவன்மேல் ஏறாது. வேதாந்தத்தின் விடை இதுதான். இறந்தவரின் மனைவிக்கு முன் நின்று சொல்லத்தக்க விடையாக இதை நாம் கருதவில்லை. அங்கே ‘அவரவர் கர்மம்’ என்பவர், சித்தாந்தத்தைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு இரக்கமின்மையைச் சொல்கிறார்.

இங்கே ஓர் ஏற்றத்தாழ்வு நமக்குத் தென்படும். தம் நற்செயலைச் சொல்லும்போது நம் பெரியோர் கர்த்ருத்வத்தை விட்டுவிடுவர். சாத்விக த்யாகம் என்பது அதுவே. தம் குற்றத்தைச் சொல்லும்போதோ முழுவதையும் தம்மேல் ஏறிட்டுக்கொள்வர், அது நைச்யாநுஸந்தானம். தர்க்கத்துக்கு இது ஒவ்வாது போலத் தோன்றும். நாம் எண்ணுவது, இவை ஒருவன் தன்னைப் பற்றிப் பேச வேண்டிய முறை என்பதே. பிறரைப் பற்றிப் பேசும்போது முறை மாறும். கோபணார்யர் தம் வெற்றியை அரங்கனுக்குக் கொடுத்திருந்தால் அது அவருக்கு அழகு. தேசிகன் அவ்வெற்றியைக் கோபணார்யருக்குக் கொடுத்ததும் அழகு. இவ்விரண்டையும் இடம் மாற்றினால், ஒன்று தற்பெருமையாகும், மற்றொன்று நன்றிமறத்தல் ஆகும்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு செயலுக்கும் ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஐந்தாவதான தெய்வம் பரமாத்மாவே என்று உரைத்த எம்பெருமானார், பலர் கூடிப் பெரும் பாறையையும் மரத்தையும் நகர்த்துவதை அங்கே உவமையாகக் காட்டுகிறார். பலரும் காரணமாவர், விதியும் விலக்கும் அவர்களில் எல்லோருக்கும் உண்டு. (மரக்காணம் வழியிலன்றி மயிலம் வழியே சென்றால் வரும் திருவக்கரையில் மரங்களே பாறையாகிக் கிடக்கின்றன. அங்கே இந்த உவமையை நினைத்துக்கொள்ளலாம்.) திருமலையிலிருந்து சிங்கவரத்துக்கும், சிங்கவரத்திலிருந்து திருவரங்கத்துக்கும் நம்பெருமாளைச் சுமந்த ஸ்ரீபாதம்தாங்கிகள் எத்தனை பேரோ. அந்தச் சுலோகங்களில் அவர்கள் பெயர் இல்லை.