ஊழும் உப்பும்

சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில் சீடார்ஃப் என்றொரு சிற்றூர். 1836இல் அங்கே வழியோரச் சிலுவை ஒன்றின் முன் நின்று, குள்ளமான, அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவர் ஜெபம் முணுமுணுப்பதை யோகான் யாக்கோப் குகன்பியூல் என்ற, மருத்துவம் படித்த இளைஞர் பார்த்தார். பேச்சே சரியாக வராதவருக்குப் பிரார்த்தனை நினைவில் நின்றது எப்படி? இவருக்குள்ளும் குறைவற்ற ஆன்மா இருக்கிறதென்றால், அதற்கு இப்படியொரு மூளையைத் தந்தது யார்?

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1841இல் இன்டர்லாக்கன் அருகே ஆபென்ட்பெர்க் மலையில் இத்தகைய குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். மலைக்காற்று, பால், உடற்பயிற்சி, வழிபாடு ஆகியவையே சிகிச்சை. ஐரோப்பா முழுக்கப் புகழ் பரவியது. குணமானதாகச் சொல்லப்பட்டவர்கள் குணமாகவில்லை என்பது தெரிந்ததும் அந்தப் புகழ் சரிந்தது.

கருணை இருந்தது. காரணம் தெரியவில்லை.

காரணம் மண்ணில் இருந்தது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் பனியாறுகளும் மழையும் அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. அயோடின் இல்லாமல் தைராய்டு சுரப்பியால் ஹார்மோன் செய்ய முடியாது. கருவிலுள்ள சிசுவின் சுரப்பி ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் மெல்ல வேலையைத் தொடங்கும். அதுவரை தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும் தைராக்சினே அதற்குக் கதி. நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்வதும், ஒன்றோடொன்று இணைவதும், மயலின் உறை பூணுவதும் இந்த ஹார்மோன் மரபணுக்களை முடுக்கிவிடுவதால்தான். அந்தக் காலம் தவறிப்போனால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் இழப்பு முழுமையாக மீளாது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 250 மைக்ரோகிராம். ஒரு கிராம் இருந்தால் 4,000 நாளுக்குப் போதும்.

1966இல் பப்புவா நியூகினியின் ஜிமி பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி, மறு பிரிவினருக்கு வெறும் உப்புநீர் ஊசி. உப்புநீர் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்குக் கிரெட்டினிசம் எனப்படும் இந்தப் பாதிப்பு இருந்தது. அயோடின் பெற்ற தரப்பில் 498 குழந்தைகளில் 7 பேருக்கு மட்டுமே. அந்த எழுவரிலும் அறுவரின் தாய்மார்கள் ஊசி போட்டபோதே கருவுற்றிருந்தார்கள்.

பிறவிக் குறைக்கு முன்வினையே காரணம் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கின் முன் நிறுத்திப் பார்க்கலாம். ஒரே பள்ளத்தாக்கு. எந்த ஊசி எந்தத் தாய்க்கு என்பது குழந்தைகளின் ஊழைத் தீர்மானித்தது. எல்லாத் துன்பமும் பழவினையே என்ற கருத்தைப் புத்தரே மறுத்திருக்கிறார். பாலி மொழிச் சங்யுத்த நிகாயத்தில் மோலியசீவகர் என்ற துறவி கேட்டபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் உள்ளிட்ட எட்டுக் காரணங்களை வரிசைப்படுத்தினார். அந்த எட்டில் வினை ஒன்று மட்டுமே.

அப்படியானால் ஆன்மா என்பதே ஹார்மோனின் விளைவுதானா? சைவ சித்தாந்தம் இங்கே கூர்மையான ஒரு பிரிவினை செய்கிறது. தனு (உடல்), கரணம், புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) நான்கும் உயிருக்கு வாய்த்தவை. உயிர் அவற்றுள் எதுவுமன்று. மனமும் புத்தியும் கரணத்தில், அதாவது கருவிகளில் அடங்கும். அயோடின் குறைந்தால் கெடுவது கருவி. சித்தாந்தத்தை ஏற்காதவரும் இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அறிவுத்திறனை வைத்து ஒருவரின் மதிப்பை அளக்கக் கூடாது. குகன்பியூலின் மருத்துவம் தோற்றாலும், சிலுவை முன் நின்றவரை முழு மனிதராக மதித்ததில் அவர் தவறவில்லை.

ஆனால் மதிப்பது மட்டும் போதாது. சுவிட்சர்லாந்து 1922இல் அயோடின் உப்பைக் கொண்டுவந்தது. கிரெட்டினிசத்தோடு குழந்தைகள் பிறப்பது அடுத்த சில ஆண்டுகளில் நின்றுபோனது. இந்தியாவில் 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய உப்பு ஆய்வு, அதே அயோடின் குறைவால் வரும் கழுத்துக்கழலையைக் குறைத்துக் காட்டியது. காரணம் தெரியாதவரை இது ஊழ். தெரிந்தபின் தடுக்காவிட்டால், பழி அரசையும் சமூகத்தையும் சேரும்.

உப்பில் அயோடின் இருந்தும், சுரப்பியே சரியாக அமையாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் அதைக் காட்டிவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். உங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்திருந்தால், தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் கேளுங்கள்.