ஒளி சொல்லும் சாட்சி



இஷா தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வெளியே வரும்போது நாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அந்த விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை? மனிதனால் அதை ஒருபோதும் அறிய இயலாது என்று 1835-ல் எழுதினார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட். 24 ஆண்டுகளே சென்றன. 1859-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்ச்சாஃபும் புன்செனும் அதற்கு வழி கண்டனர்.

விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே விரித்தால், வண்ணப் பட்டையின் இடையிடையே கருங்கோடுகள் தெரிகின்றன. விண்மீனின் மேற்புறத்திலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறங்களை மட்டும் உறிஞ்சிக்கொள்வதால் விழும் கோடுகள் அவை. சோடியத்தின் கோடுகள் வேறு. இரும்பின் கோடுகள் வேறு. அவை கைரேகை போன்றவை.

ஆனால் கோடு அழுத்தமாயிருப்பதால் மட்டும் அப்பொருள் மிகுதியென்று ஆகிவிடாது. வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாஹா 1920-ல் அதற்கான சமன்பாட்டை வகுத்தார். அதைக் கொண்டு 1925-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் செசிலியா பெயின் என்ற இளம்பெண், விண்மீன்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று கண்டார். மூத்த வானியலார் ரஸ்ஸல் அதை மறுக்கவே, அம்முடிவு அநேகமாக உண்மையல்ல என்று அப்பெண்ணே தம் நூலில் எழுத நேர்ந்தது. 1929-ல் ரஸ்ஸலே அது சரியென ஒப்புக்கொண்டார்.

அந்த ஹைட்ரஜன்தான் விண்மீனின் கருவில் இணைந்து ஹீலியமாகிறது. பெரிய விண்மீன்களில் அது மேலும் கரியாக, ஆக்சிஜனாக, முடிவில் இரும்பாக மாறுகிறது. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைப்பதில்லை, உலை அணைகிறது. விண்மீன் தன்னுள் இடிந்து, வெடித்துச் சிதறுகிறது. நம் குருதியிலுள்ள இரும்பும் வெடித்த விண்மீன்கள் தந்ததே. வல்ல நாயனின் ஏற்பாட்டை என்னென்பது!

சகோதரர்களே! ஒளி எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. கடந்து வந்ததை அப்படியே சொல்கிறது. நாமோ? பாகப்பிரிவினையில் சகோதரியின் பங்கு பறிபோகும்போது, பெரியவர் முகம் கோணுமே என்று அறிந்ததை மறைக்கிறோம். சாட்சியத்தை மறைப்பது பாவமென்று நம் மார்க்கம் கண்டிக்கவில்லையா? பேசத் துணிந்த இளையவரையும் அடக்கிவிடுகிறோம். ரஸ்ஸல் நான்கு ஆண்டுகளில் திருந்தினார். நமக்கு அத்தனை அவகாசம் உண்டென்று யார் சொல்ல முடியும்?

கண்டதை மறைக்காமல் சொல்லும் துணிவையும், இளையவர் சொன்னாலும் உண்மையை ஏற்கும் பணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.